பதினேழு கல்

பழைய எச்எம்டி ஜனதா வாட்ச்சின் முகப்பில் பொடி எழுத்தில் '17 ஜூவல்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கப் போன பெரியவர்கள் "எத்தனை கல்?" என்று கேட்காமல் வாங்கமாட்டார்கள். கல் கூடினால் வாட்ச் உசத்தி என்பது தெரியும். அந்தக் கல் எங்கே இருக்கிறது, என்ன வேலை பார்க்கிறது என்பது ரிப்பேர்க்காரர்களுக்குத்தான் தெரியும். பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பார்த்தால் விடை கிடைத்துவிடும். பளபளக்கும் உலோகத் தகட்டில் அங்கங்கே இளஞ்சிவப்பாகப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் நடுவில் துளை போட்ட மாணிக்கம். ஒவ்வொரு துளைக்குள்ளும் மயிரிழைப் பருமனில் ஓர் எஃகு முனை சுழன்றுகொண்டிருக்கும்.

சாவி கொடுக்கிற பழைய வாட்ச்களைப் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டு, மறுபடி ஓடவைப்பது பெரம்பலூரில் எனக்குப் பொழுதுபோக்கு. கைக்கு வருபவை பெரும்பாலும் பெரம்பலூர், அரியலூர் வீடுகளின் பீரோவில் கிடந்தவை. தாத்தா கட்டியது, பணி ஓய்வில் பள்ளிக்கூடத்தார் போட்டது, கல்யாணத்தில் மாமனார் கொடுத்தது. "இது செத்துப்போச்சு, இனிமே ஓடாது" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். திறந்து பார்த்தால் பல சமயம் எதுவுமே உடைந்திருக்காது. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், தூசி படிந்திருக்கும், அவ்வளவுதான். சாவி வாட்ச்சின் கதை முழுவதும் உராய்வின் கதை. அதை வாங்கும்போது எண்ணிய பதினேழு கல்லும் உராய்வைக் குறைக்க வந்தவை. அது நின்றுபோவதும் உராய்வு கூடித்தான்.

எச்எம்டி, அதாவது ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1953இல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனம். லேத் போன்ற இயந்திரங்களைச் செய்வதே அதன் முதல் வேலை. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய இறங்கியது. அதுவரை இங்கே மணிக்கட்டில் இருந்தவை ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் வாட்ச்கள். அவற்றை வாங்க வசதி வேண்டும். எச்எம்டி வந்த பிறகு பள்ளி ஆசிரியரும் கிளார்க்கும் பேருந்து நடத்துநரும் வாட்ச் கட்டினார்கள். ஜனதா, பைலட், ஜவான், கோஹினூர், சோனா, காஞ்சன் என்று மாடல்கள் வந்தன. முகப்பு மாறினாலும் சாவி கொடுக்கிற மாடல்கள் பலவற்றுக்கு உள்ளே இருந்த மெஷின் ஏறக்குறைய ஒரே குடும்பம்தான். பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்கிறவனுக்கு இது பெரிய வசதி. ஒன்றில் கைபழகினால் அடுத்தது வழிவிடும். ஒன்றிலிருந்து கழற்றிய சக்கரம் இன்னொன்றுக்கு உதவும்.

அந்த மெஷின் வேலை செய்யும் விதத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடலாம்.

சாவியைத் திருகும்போது, பேரல் என்ற தட்டையான டப்பிக்குள் நீண்ட எஃகு நாடா ஒன்று இறுகச் சுருள்கிறது. இதுதான் மெயின் ஸ்பிரிங். விரிய வேண்டும் என்ற அதன் தவிப்புதான் வாட்ச்சுக்குச் சக்தி. விரியும்போது அது பேரலைச் சுற்றுகிறது. பேரலின் பல் அடுத்த சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்துக்குச் சக்கரம் வேகம் கூடிக்கொண்டே போகிறது. நடுச் சக்கரம் மணிக்கு ஒரு சுற்று. நிமிட முள் அதன் கணக்கில் ஓடுகிறது. நான்காம் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று. நொடி முள்ளின் கணக்கு அது. கடைசியில் நிற்கும் எஸ்கேப் சக்கரத்துக்குப் பொதுவாக 15 பல். அது நிமிடத்துக்கு 10 சுற்றுச் சுற்றும். இதை இப்படியே அவிழ்த்துவிட்டால், ஒன்றரை நாளைக்கு வரவேண்டிய சாவி சில நொடிகளில் கிர்ரென்று இறங்கிவிடும்.

அப்படி இறங்கவிடாமல் எண்ணி எண்ணி விடுவது பேலட் என்ற சிறு கவை. அதன் இரு கைகளிலும் இரண்டு மாணிக்கப் பட்டைகள். ஒரு பட்டை எஸ்கேப் சக்கரத்தின் பல்லைப் பிடித்து நிறுத்தும். இப்படியும் அப்படியுமாக ஊசலாடும் பேலன்ஸ் சக்கரம் ஒரு வீச்சு வீசி வரும்போது பேலட்டைத் தட்டும். பிடித்த பல் விடுபடும். சக்கரம் அரைப் பல் நகர்வதற்குள் மறு கைப் பட்டை இன்னொரு பல்லைப் பிடித்துவிடும். இதில் நான் ஒவ்வொரு முறையும் வியந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. விடுபடுகிற பல், போகிற போக்கில் பேலட்டை ஓர் உந்து உந்திவிட்டுப் போகிறது. அந்த உந்தல் பேலட் வழியாகப் பேலன்ஸுக்குப் போய்ச் சேர்கிறது. உராய்வில் பேலன்ஸ் இழந்த சக்தி அந்தக் கணமே திரும்பக் கிடைத்துவிடுகிறது. பேலன்ஸ்தான் பேலட்டைக் கட்டுப்படுத்துகிறது. அந்தப் பேலட்டே பேலன்ஸை உயிரோடு வைத்திருக்கிறது. நம் காதுக்கு வரும் 'டிக்' இந்தப் பல்லும் கல்லும் மோதுகிற ஓசை.

எச்எம்டியில் இது நொடிக்கு ஐந்து முறை நடக்கிறது. நொடி முள்ளை உற்றுப் பார்த்தால் ஒரு நொடிக்குள் ஐந்து குட்டித் தாவல் தெரியும். மணிக்கு 18,000. நாளுக்கு 4,32,000. ஆண்டுக்கு 15 கோடியே 76 லட்சத்துக்கும் மேல். நாற்பது வருடம் கட்டிய வாட்ச் என்றால் 630 கோடி முறை அந்தப் பல்லும் கல்லும் மோதியிருக்கின்றன. இத்தனைக்கும் ஓடும்போது அது செலவழிப்பது சில மைக்ரோவாட்தான். வீட்டில் எரியும் ஒரு எல்இடி பல்புக்கான சக்தியில் பல லட்சம் வாட்ச்களை ஓட்டலாம். இவ்வளவு குறைந்த சக்தியில் ஓடுகிற இயந்திரத்துக்கு, மிகச் சிறிய தடையும் பெரிய தடைதான். பருத்திக் காட்டுப் பக்கம் கட்டிக்கொண்டு போன வாட்ச்சில் ஒரு பஞ்சு இழை புகுந்து சக்கரப் பல்லில் சிக்கினால் போதும், நின்றுவிடும்.

நேரத்தைச் சரியாக வைப்பது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சில் சுருண்டிருக்கும் ஹேர் ஸ்பிரிங். டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675இல் இதைக் கடிகாரத்தில் பொருத்திக் காட்டினார். அதற்கு முன் பையில் வைக்கும் கடிகாரங்கள் நாளுக்கு அரை மணி நேரம்கூடத் தவறின. இதன் சிறப்பு என்னவென்றால், பேலன்ஸ் அகலமாக வீசினாலும் குறுகலாக வீசினாலும் ஒரு வீச்சுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய மாறாது. காலையில் முழுச் சாவியில் இருக்கும்போதும் மறுநாள் விடியலில் சாவி தளர்ந்திருக்கும்போதும் நொடி ஒரே நொடியாக இருப்பது இதனால்தான். இந்த ஸ்பிரிங்கை விரலால் தொட்டால் போயிற்று. ட்வீசரின் நுனி தவறிப் பட்டாலே கோணிவிடும். கோணியதை நேராக்குவது இந்த வேலையிலேயே கடினமான பாடம்.

இனி கல்லுக்கு வருவோம். வழக்கமான கணக்கில் பேலன்ஸுக்கு ஐந்து கல், பேலட்டுக்கு நான்கு, எஸ்கேப் சக்கரம், நான்காம் சக்கரம், மூன்றாம் சக்கரம், நடுச் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழுமாக இரண்டிரண்டு. மொத்தம் பதினேழு. சுழல்கிற, மோதுகிற முக்கிய இடங்களுக்கெல்லாம் கல் வந்துவிட்டது. அழகுக்கென்று வைத்தது ஒன்றுகூட இல்லை.

ஏன் மாணிக்கம்? ஃபிரீட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத் தரவரிசையில் வைரம் 10, மாணிக்கம் 9. பித்தளை 3, 4 அளவில் நிற்கும். பதம் போட்ட எஃகு 6, 7 வரை போகும். மாணிக்கத்தைக் கண்ணாடிபோல் வழவழப்பாக மெருகிடலாம். மெருகிட்ட எஃகு அதன்மேல் மிகக் குறைந்த உராய்வில் வழுக்கும். மாணிக்கம் துருப்பிடிக்காது, எண்ணெயைக் கெடுக்காது. கல்லில் துளைபோட்டுக் கடிகாரத்தில் பதிக்கும் உரிமையை நிக்கோலா ஃபாசியோ என்ற சுவிஸ் கணித அறிஞரும் கூட்டாளிகளும் 1704இல் லண்டனில் வாங்கினார்கள். அதன் பிறகு இருநூறு வருடம் வரை இயற்கைக் கல்லைத்தான் துளைத்தார்கள். அதனால் கல் வைத்த வாட்ச் பணக்காரர் பொருளாகவே இருந்தது. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகூஸ்த் வெர்னுயில் அந்தக் கதையை மாற்றினார். அலுமினிய ஆக்சைடுத் தூளில் சிறிது குரோமியம் கலந்து, ஹைட்ரஜன் சுடரின் வழியாக மெல்லத் தூவினார். உருகிய துளிகள் கீழே ஒன்றின்மேல் ஒன்று படிந்து, சில மணி நேரத்தில் மாணிக்கமாக வளர்ந்து நின்றன. சேர்மானத்தில் அது இயற்கை மாணிக்கமேதான். வாட்ச் கல் மலிவானது அந்தச் சுடரால்.

இந்தக் கதைக்கு நம் பக்கத்திலும் ஒரு கிளை உண்டு. சுவிஸ் கூட்டுடன் செயற்கைக் கல் வளர்க்கும் ஆலை மேட்டுப்பாளையத்தில் இயங்கியது. திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது பல ஆயிரம் குடும்பங்களின் குடிசைத் தொழிலாக இருந்தது. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை அந்தத் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவைதான். நகைக்கும் தோட்டுக்கும் போன அந்தக் கற்களுக்கும் வாட்ச்சுக்குள் இருக்கும் கல்லுக்கும் பிறந்த வழி ஒன்றுதான்.

மாணிக்கமும் எஃகும் மட்டும் தனியாக இருந்தால் வாட்ச் தலைமுறை தலைமுறையாக ஓடும். மூன்றாவதாக ஒன்று நடுவில் வருகிறது. தூசி.

அரியலூர்ப் பக்கத்துத் தூசிக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. இந்த நிலம் கிரெடேசியஸ் காலத்தில் கடல். கல்லங்குறிச்சிப் பக்கம் சிமெண்டுக்காக வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லில் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முந்தைய சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் ஓடும் சாலைகளில் வேப்பிலைகூட வெள்ளை பூத்திருக்கும். அந்தப் பொடி சாவித் தண்டின் இடுக்கு வழியாகவும் கண்ணாடி விளிம்பு வழியாகவும் வாட்ச்சுக்குள் நுழைகிறது. அரியலூரிலிருந்து வந்த ஒரு ஜனதாவின் கண்ணாடி வளையத்துக்குள்ளிருந்து மரக்குச்சியால் சுரண்டியெடுத்த பொடியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு வினிகர் விட்டு, லென்ஸில் பார்த்திருக்கிறேன். பொடிக்குள்ளிருந்து நுண்ணிய குமிழ்கள் கிளம்பின. சுண்ணாம்புக்கல் அமிலம் பட்டால் கரியமில வாயுவை வெளிவிடும். அந்தக் குமிழ்கள் அதுதான். கிரெடேசியஸ் கடலின் சிப்பி ஒன்று பொடியாகி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வாட்ச்சுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தபோது வேலையை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுண்ணாம்புக்கல்லின் கடினம் வெறும் 3. எஃகை அது கீறாது. அது செய்யும் கெடுதல் வேறு: எண்ணெயை உறிஞ்சிக் கூழாக்கிவிடும். உண்மையான எதிரி அதோடு கலந்து வருகிற மணல்தூள். அது சிலிக்கா, கடினம் 7. கல் வைக்காத பித்தளைத் துளைக்குள் இந்தத் துகள் விழுந்தால் நடப்பது நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. பித்தளை மென்மையானது என்பதால் துகள் அதில் பதிந்து நிலைத்துவிடும். பதிந்த துகள் உப்புத்தாள் ஆகி, தன்மேல் சுழலும் எஃகு முனையை அறுக்கும். மென்மையான பித்தளை பெரிதாகத் தேயாமல், கடினமான எஃகுதான் வளையம் வளையமாகத் தேய்ந்திருக்கும். மாணிக்கத்தில் துகள் பதியவே முடியாது. கல் வைப்பதன் முழு அருமையும் எனக்குப் புரிந்தது இதை லென்ஸில் பார்த்த பிறகுதான்.

எண்ணெய் விஷயம் இன்னும் நுட்பமானது. மாணிக்கத் துளையைச் சுற்றிக் கிண்ணம்போல ஒரு குழிவு கடைந்திருப்பார்கள். ஊசிமுனையில் தொட்டு வைக்கும் எண்ணெய்த் துளி, நுண்துளை ஈர்ப்பால் முனைக்கும் கல்லுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய இடத்துக்குத் தானே ஓடி அங்கேயே நிற்கும். குழிவில் பாதிக்குச் சற்று மேல் நிறைந்தால் போதும். அதிகமாக விட்டால் விளிம்பு தாண்டி வழிந்து தகட்டில் பரவும். பரவத் தொடங்கிய எண்ணெய் துளையில் இருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். நிறைய ஊற்றிய இடம்தான் முதலில் காயும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதை நம்பவைப்பது சிரமம்.

ஒரே எண்ணெயும் உதவாது. மெயின் ஸ்பிரிங்குக்குக் கிரீஸ், மெதுவாகச் சுற்றி அதிக பாரம் தாங்கும் நடுச் சக்கரத்துக்குக் கெட்டி எண்ணெய், வேகமான பேலன்ஸ் முனைக்கு மிக இளகிய எண்ணெய். பேலட்டின் அச்சு முனைகளுக்குப் பொதுவாக எண்ணெயே கிடையாது. அங்கே எண்ணெயின் பிசுக்கே தடையாகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை உயர்ந்த வாட்ச் எண்ணெய் டால்பின் இனங்களின் தாடைக் கொழுப்பிலிருந்து வடித்தது. இப்போது சுவிட்சர்லாந்தின் மோபியஸ் போன்ற செயற்கை எண்ணெய்கள் வந்துவிட்டன. தையல் மெஷின் எண்ணெயை விட்டு ஓட்டிய வாட்ச்களும் கைக்கு வருகின்றன. சில மாதம் அருமையாக ஓடும். பிறகு பிசினாகி, முன்பைவிட மோசமாக நிற்கும்.

வேலை என்று உட்கார்ந்தால் முதலில் மின்விசிறியை அணைக்க வேண்டும். பெரம்பலூர் மே மாதத்தில் அதுவே ஒரு தவம். விசிறிக் காற்றில் ஸ்க்ரூ பறக்கும், தூசி இறங்கும். பின்மூடியைத் திறந்ததும் மிச்சமிருக்கும் சாவியை இறக்கிவிட வேண்டும். ஒரு சிறு கொக்கியை விலக்கிப் பிடித்து, சாவியை விரலிடுக்கில் மெல்லத் திரும்பவிட்டால் ஸ்பிரிங் அடங்கும். இதை மறந்து பேலட்டைக் கழற்றினால் சக்கரங்கள் வெறிபிடித்துச் சுற்றி முனைகள் உடையும். பிறகு முட்கள், டயல், பேலன்ஸ், பேலட், சக்கரங்கள், பேரல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே தட்டில் வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. நம் ஊர்க் கடைகளில் கழுவுவதற்குப் பெட்ரோல். நெருப்புக்குப் பயந்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது. கழுவிய பிறகும் ஒவ்வொரு கல் துளையிலும் கூராகச் சீவிய மரக்குச்சியை விட்டுத் திருகி எடுக்க வேண்டும். குச்சி நுனி கறுப்பாக வரும். மறுபடி சீவி, மறுபடி விட்டு, வெள்ளையாக வரும் வரை.

சேர்க்கும்போது ஒரு சோதனை இருக்கிறது, எனக்குப் பிடித்தமானது. சக்கரங்களையும் பேலட்டையும் பொருத்தி, பேலன்ஸ் போடாமல், சாவியை இரண்டு பல் மட்டும் ஏற்ற வேண்டும். ஊசிமுனையால் பேலட்டை இலேசாகத் தொட்டால், அது தானே 'டக்' என்று மறுபக்கம் தாவி உட்கார வேண்டும். தயங்கி நகர்ந்தால் எங்கோ அழுக்கு மிச்சம் என்று அர்த்தம். திரும்பப் பிரிக்க வேண்டியதுதான். இந்தத் தாவல் சுத்தமாக வந்துவிட்டால், பேலன்ஸை இறக்கும்போதே, ஸ்க்ரூவை இறுக்கும் முன்னரே அது வீசத் தொடங்கிவிடும்.

ஓடத் தொடங்கினால் மட்டும் போதாது, நேரம் சரியாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 86,400 நொடி. அதில் பத்து நொடி தவறினால் பிழை ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் ஒரு மாதத்தில் ஐந்து நிமிடம் ஆகிவிடும். முன்பெல்லாம் நாள்கணக்கில் வானொலி நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். இப்போது மைக்கில் டிக் ஓசையைக் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை நொடி கூடும் குறையும் என்று சொல்லும் கருவியும் போன் செயலியும் இருக்கின்றன. வாட்ச்சைக் கவிழ்த்து, மல்லாத்தி, நிறுத்தி, படுக்கவைத்து எல்லா நிலையிலும் கேட்க வேண்டும். திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தம். ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்த வாட்ச்சில் ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் குட்டையானதுபோல் ஆகி, வீச்சு விரைவுபடும். காந்தத்தை எடுக்கும் சிறு கருவி ஒன்று நொடியில் சரிசெய்துவிடும்.

வெப்பமும் ஒரு காலத்தில் பெரும் சிக்கலாக இருந்தது. சாதாரண எஃகு ஸ்பிரிங் சூட்டில் தளரும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாளுக்கு ஏறத்தாழ 11 நொடி பின்தங்கும். மார்கழி விடியலுக்கும் கத்தரி வெயிலுக்கும் நடுவே இருபது டிகிரி வித்தியாசம் காணும் நம் ஊரில் அது நாளுக்கு மூன்றரை நிமிடத்துக்கும் மேல். சூட்டில் விறைப்பு மாறாத நிக்கல்-எஃகுக் கலவைகளைக் கண்டறிந்த சார்ல் எடுவார் கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசே கிடைத்தது. அந்த வகைக் கலவைகள்தான் பிற்கால வாட்ச்களின் ஹேர் ஸ்பிரிங் ஆயின.

இவ்வளவு பாடுபட்டு நாம் சரிசெய்கிற நேரம் எதன் நேரம்? பூமி சுழல்கிற நேரம். அந்தப் பெரிய கடிகாரமும் உராய்வால் தளர்ந்துகொண்டிருக்கிறது. நிலவின் ஈர்ப்பில் கடல் ஏறி இறங்கும்போது எழும் உராய்வு, பூமியின் சுழற்சியை மிக மெல்லப் பிடித்து நிறுத்துகிறது. அதே காரணத்தால் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போகிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, ஓமனில் கிடைத்த ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையான சிப்பி ஓட்டில் நாளுக்கொன்றாகப் படிந்த வரிகளை எண்ணியது. அப்போது ஆண்டுக்கு 372 நாள். ஒரு நாள் ஏறத்தாழ 23½ மணி நேரம். கல்லங்குறிச்சிச் சிப்பிகள் வாழ்ந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். நான் இன்று சரியாக வைத்துக் கொடுக்கும் ஜனதாவை அந்த அரியலூர்க் கடற்கரைக்குக் கொண்டுபோக முடிந்தால், அது நாளுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் பின்தங்கி ஓடும்.

சாவி வாட்ச்சை வீழ்த்தியதும் ஒரு கல்தான். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. மின்சாரம் பாய்ந்தால் அதிரும். இன்றைய சாதாரண குவார்ட்ஸ் வாட்ச்சில் அந்தப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஐந்து முறை துடிக்கும் பேலன்ஸ் அதனோடு துல்லியத்தில் போட்டியிட முடியாது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் நாரெல்லாம் போய் அந்த இடத்தில் நிறைந்திருப்பதும் அதே சிலிக்காதான். எண்பதுகளில் ஓசூரில் டைட்டன் ஆலை எழுந்து, குவார்ட்ஸ் வாட்ச்களை அழகழகாக விற்றது. எச்எம்டியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதன் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவெடுத்தது.

மூடிய பிறகுதான் பலருக்கு ஆசை வந்தது. அந்த ஆசையைக் குறிவைத்து ஒரு மோசடியும் வளர்ந்திருக்கிறது. பழைய டயலைச் சுரண்டி, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் புதிதாக அச்சடித்து, 'அரிய மாடல்' என்று இணையத்தில் விற்கிறார்கள். உள்ளே நாலைந்து வாட்ச்சின் பாகங்கள் கலந்திருக்கும். என்னைக் கேட்டால் டயலைத் தொடவே கூடாது. மஞ்சள் பூத்த வெள்ளை டயலும் ஓரத்தில் ஒரு வியர்வைக் கறையும் அந்த வாட்ச்சின் வரலாறு. மெஷினைக் கழுவுவது பராமரிப்பு. டயலுக்கு வண்ணம் அடிப்பது அழிப்பு. தண்ணீர் பட்டாலே அச்சு உரியும் என்பதால், தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படி ஒன்று கிடக்கலாம். எடுத்தவுடன் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். பல வருடம் சும்மா கிடந்த வாட்ச்சில் எண்ணெய் இருக்காது, தூசி இருக்கும். ஓடினால் முனை தேயும். காதருகே ஆட்டிப் பார்ப்பதும் வேண்டாம். அப்படியே கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோங்கள். "முழுசாப் பிரிச்சுக் கழுவி எண்ணெய் போடுங்க, டயலைத் தொடாதீங்க, எதையாவது மாத்தினா பழைய பார்ட்ஸை என்கிட்டயே கொடுத்துடுங்க" என்று மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பேட்டரி மாற்றிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கைகளுக்கு ஹேர் ஸ்பிரிங்கை நேராக்கத் தெரியும். அதைக் கற்றுக்கொள்ள இளையவர்கள் யாராவது பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வேண்டும். ஓடத் தொடங்கிய வாட்ச்சுக்குத் தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை திறந்து எண்ணெயை மாற்றுங்கள்.